அரைத் திருகு

அவித்த முட்டை ஒன்றை உரித்துத் தின்ன ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அவள் புருஷனுக்கு அது ஒரு காலைப்பொழுதின் வேலை. முதலில் முட்டையைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். பிறகு தட்டின் விளிம்பில் மெல்ல ஒரு தட்டு. விரிசல் விழுந்த இடத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்ப்பார். மனதுக்குப் பிடிக்காவிட்டால் திருப்பி மறுபக்கம் ஒரு தட்டு. ஓட்டை ஒரே பட்டையாகக் கழற்ற வேண்டும். நடுவில் முறிந்தால் முகம் சுண்டிவிடும். இதற்குள் எதிரே இருக்கும் ரொட்டி விறைத்து, தேநீரில் ஆடை படிந்து, அவள் வாசலில் ஒரு காலும் வீட்டுக்குள் ஒரு காலுமாக நின்றுகொண்டிருப்பாள். இருவரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள்.

"நேரமாச்சுங்க" என்பாள்.

"இரு, வர்றேன்."

இந்த இரண்டு சொற்களோடுதான் அவள் இத்தனை வருஷமும் குடித்தனம் நடத்தினாள்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடிப் பிரேமை வாங்குகிறவரின் காதுக்கு ஏற்றபடி வளைத்துக் கொடுப்பார். வளைப்பார், மாட்டிப் பார்ப்பார், கழற்றுவார், மறுபடி வளைப்பார். பொழுது போகாத கிழவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். கடைக்கு வெளியே, முக்கியமாக அவர் பந்தைக் கம்பால் குழிக்குள் தள்ளி ஆடப்போகும் பில்லியர்ட்ஸ் கூடத்தில், அவருக்கு நிதானம் என்று பெயர். வயிறெரிந்தவர்கள் வைத்த பெயர் அது. அவரோ அதைப் பட்டமாக எடுத்து மாட்டிக்கொண்டார். "என்னைய நிதானம்னு கூப்பிடறாங்க பாரு, சும்மாவா?" என்று பெருமையாக அவளிடமே சொல்வார்.

அவளுடைய அக்கா மகள் கல்யாணத்துக்கு அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டு முடித்து இவர்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா அன்றோடு பேச்சை விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் காரில் கூட்டிப்போகிறேன் என்று இரண்டு தடவை வாசலில் ஹாரன் அடித்துக் காத்திருந்தார். மூன்றாம் தடவை அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். கல்யாணமான புதிதில், குழந்தைக்காக ஒரு டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று அவள் கேட்டபோதும், "இரு, பார்க்கலாம்" என்றுதான் சொன்னார். பார்க்க வேண்டிய வயது பார்க்காமலே போய்விட்டது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் முட்டையோடு அவர் குனிந்திருக்கும் ஒவ்வொரு காலையிலும் அது அவளுக்கு ஞாபகம் வந்தது, வந்தவுடன் அவர் பின்கழுத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போனது.

அவள் வேலை பார்த்த இடம் அப்படியே தலைகீழ். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுக்கும் பெரிய சலவைக்கூடம் அது. அவள் நின்றது நீராவி இஸ்திரி மெஷினில். ஈரப் போர்வையை விரித்துப் போட்டு, மேல் பலகையை இறக்கி, சரியான நேரத்தில் தூக்க வேண்டும். முன்னால் தூக்கினால் ஈரம், பின்னால் தூக்கினால் தீய்ந்த மஞ்சள் கோடு. அதற்காக மேஸ்திரி ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சாவி கொடுக்கும் சின்ன கடிகாரம் கொடுத்திருந்தார். முறுக்கிவிட்டால் டிக் டிக் என்று ஓடி, நேரம் முடிந்ததும் கிர்ரென்று அலறும். அவள் அதை ஏப்ரன் பையிலேயே வைத்திருப்பாள். நாள் முழுக்க வெக்கையில் நின்று, ரவிக்கை முதுகோடு ஒட்டி, சாயங்காலம் வெளியே வந்தால் வெயில்கூடக் குளிர்ச்சியாகத் தெரியும்.

சாயங்காலம் அவள் நேராக வீட்டுக்குப் போக முடியாது. பஸ் டிப்போவுக்கு எதிரே, டயர் கடைக்கு மாடியில் இருந்தது பில்லியர்ட்ஸ் கூடம். அவரை அங்கிருந்து கிளப்பிக்கொண்டு போக வேண்டும். ஆறு மேஜை, ஒவ்வொன்றுக்கும் மேலே தாழத் தொங்கும் ஒரு விளக்கு, சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. அந்த பெஞ்சில் வருஷக்கணக்கில் காத்திருந்து காத்திருந்தே அவள் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டாள். கம்பைப் பிடிக்க அவள் ஆசைப்பட்டதில்லை, விதிகள்தான் அவளுக்குப் பிடித்தன. எந்தப் பந்து முதலில் பட்டது, எது உரசியது, எது தவறு என்று பெஞ்சில் இருந்தபடியே அவள் சொன்னது தப்பாமல் இருப்பதைப் பார்த்துக் கூடத்து முதலாளி அவளையே நடுவராக நிறுத்தினார். அன்றிலிருந்து அங்கே எல்லாருக்கும் அவள் அம்பயரக்கா.

புருஷனின் ஆட்டத்துக்கு மட்டும் வேறு ஆள் நடுவர், அதை அவள் பெஞ்சிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று புரிந்தது. அவருக்குப் பெரிதாக ஆடத் தெரியாது. எதிரே நிற்பவனின் உயிரை வாங்கத் தெரியும், அவ்வளவுதான். தன் முறை வந்ததும் மேஜையைச் சுற்றி ஒரு நடை. கம்பின் நுனியில் சாக்குக்கட்டி தேய்ப்பார், ஊதுவார், திரும்பத் தேய்ப்பார். குனிவார். எல்லாரும் மூச்சைப் பிடிக்கும்போது நிமிர்வார். துண்டை எடுத்துக் கையைத் துடைப்பார். கண்ணாடியைத் துடைப்பார். எதிராளி வேகமாக ஆடுகிறவன் என்றால் கழிப்பறைக்குப் போய்விட்டு வருவார். பதறிப்போன எதிராளி தன் முறை வந்ததும் அவசரமாக அடித்துத் தவறவிடுவான். அதைப் பார்த்து நிதானம் தலையை ஆட்டி, "பொறுமை வேணும்பா" என்பார். அவனைக் கொலை செய்யத் தோன்றும்.

எதிராளி ஆடும்போதும் அவர் சும்மா இருக்க மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, கம்பின் இரண்டு பாதிகளையும் நடுவில் இணைக்கும் திருகை அரைச் சுற்று தளர்த்துவார், அரைச் சுற்று இறுக்குவார். கிறுக், கிறுக். சரியாக எதிராளி குனிந்து குறிபார்க்கும் நேரத்தில். அதற்கு மேல் ஒரு மயிரிழைகூடத் திருப்ப மாட்டார். ஏனென்றால் சுவரில் தொங்கிய விதிப் பலகையின் கடைசி வரி அவருக்கு மனப்பாடம்: எதிராளி ஆடிக்கொண்டிருக்கும்போது தன் கம்பை இரண்டாகப் பிரித்தவர் தோல்வியை ஒப்புக்கொண்டவர் ஆவார்.

அந்தப் பலகையை எழுதியவன் ஒரு பெயிண்டர். அவனும் அங்கே ஆடுகிறவன்தான். போன வருஷம் நிதானத்தோடு ஆடி, அலுத்துப்போய், தோற்றது என்றே நினைத்து உட்கார்ந்த இடத்தில் கம்பைக் கழற்றிவிட்டான். அப்போது நிதானத்துக்கு இன்னும் நாலு பந்து பாக்கி. பெயிண்டர் கையில் இரண்டு துண்டைப் பார்த்ததும் அவர் நடுவரைக் கூப்பிட்டுப் பலகையை விரலால் காட்டினார். "தெரியாம பண்ணிட்டேன்" என்று அவன் கெஞ்சினான். "தெரிஞ்சா ஒரு விதி, தெரியாட்டி ஒரு விதின்னு நீ பலகைல எழுதலையேப்பா" என்றார் நிதானம். பெஞ்சில் இருந்த அவளுக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அக்காவும் போய், அக்கம்பக்கமும் போய், அவளுக்கென்று மிஞ்சியவன் ஒரே ஒரு தம்பி. எதிர் டிப்போவில் பஸ் டிரைவர். அவனும் அந்தக் கூடத்தில் ஆடுவான். பளிச்சென்று பார்த்துப் பளிச்சென்று அடிக்கிற ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவள் வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அவள் போடுவதைச் சாப்பிட்டுக்கொண்டே பயணிகளின் கதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பான். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த ஒரு நாளில்தான்.

அவனையும் நிதானம் விடவில்லை. காலை ஷிப்டில் தம்பி ஓட்டும் பஸ்தான் இவர்கள் தெரு வழியாகப் போகும். அவள் ஓடிவந்து ஏறிவிடுவாள். அவர் தெருமுனையில் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, ஓடாமல், நடந்து வருவார். அக்கா புருஷனாயிற்றே என்று தம்பி வண்டியை நிறுத்திவைப்பான். பின்னால் பயணிகள் முணுமுணுப்பார்கள். ஒருநாள் யாரோ டிப்போவில் புகார் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு தடவை வண்டி தாமதமானால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, வண்டி கழுவும் இடத்தில் போட்டுவிடுவேன் என்று அதிகாரி எச்சரித்தார். இதை அவள் நிதானத்திடம் சொன்னபோது அவர் அன்றைக்கும் ஏதோ உரித்துக்கொண்டிருந்தார். "அவன் நேரத்த அவன்தான பார்த்துக்கணும்?" என்றார்.

போன வருஷம் கூடத்தில் நடந்த லீக் போட்டியின் அரையிறுதியில் அவர் தம்பியையும் அப்படித்தான் ஜெயித்தார். ஆளுக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். கடைசி ஆட்டத்தை அவர் இழுத்த இழுப்பில் தம்பி ஷிப்டுக்கு நேரமாகிக் கம்பைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. "வண்டி போயிடும்னு மாப்ள பயந்துட்டான்" என்று அதன்பிறகு ஒரு மாதம் கடையிலும் கூடத்திலும் சொல்லிச் சிரித்தார்.

இந்த வருஷமும் அரையிறுதியில் அதே இரண்டு பேர். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம், நாலு மணிக்குத் தம்பிக்கு வண்டி. முதலில் மூன்று ஆட்டம் எடுப்பவருக்கு வெற்றி. மனிதர்கள் ஆடினால் ஒரு மணி நேரத்தில் முடிகிற விஷயம்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தம்பி சலவைக்கூடத்தின் பின்வாசலுக்கு வந்தான். மூட்டை மூட்டையாக அழுக்குப் போர்வைகள் அடுக்கியிருந்த நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தாள். அவன் கையில் வைத்திருந்தானே தவிரச் சாப்பிடவில்லை.

"அக்கா, நாளைக்கு நீதான் அம்பயராம். மாமாவே உன் பேரச் சொல்லியிருக்காரு."

"தெரியும்."

"ஏன் சொன்னாருன்னும் தெரியுமில்ல?"

"வீட்டு ஆளுன்னு. நீ வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"உன்னைய வேணாம்னு நான் எப்படிச் சொல்றது?" என்றான். "இந்தத் தடவையும் அவரு அதே வேலையக் காட்டி, நான் ஷிப்டுக்கு ஓடற மாதிரி ஆச்சுன்னா, இனிமே உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்கா. உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா அந்த மனுஷன் முகத்தப் பார்த்துக்கிட்டு என்னால அங்க உக்காந்து சாப்பிட முடியாது."

"ஆடாமலே விட்டுடேன்டா."

"நான் ஏன் விடணும்?" என்றான். அவன் சொன்னால் சொன்னதுதான், சின்ன வயதிலிருந்தே. அவன் போனபிறகு அந்த நிழலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விட்டால் அந்த வீட்டில் என்ன இருக்கும் என்று யோசித்தாள். முட்டை இருக்கும், அவர் பின்கழுத்து இருக்கும்.

சனிக்கிழமை காலை நிதானம் வழக்கம்போல உரித்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார். ஆட்ட மேஜையில் அவள் பெண்டாட்டி இல்லை, நடுவர்தான், அது தனக்குத் தெரியும் என்றார். விதிப்படி எதுவும் செய்யட்டும், தான் தடுக்கப் போவதில்லை என்றார். பிறகு முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒட்டியிருந்த ஒரு பொடியை நகத்தால் எடுத்தார்.

"ஆனா ஆட்டம் முடிஞ்சா நீ இந்த வீட்டுக்குத்தான வரணும்?"

அவள் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பயம் என்று ஒன்றும் வரவில்லை. மிரட்டுவதற்குக்கூட இத்தனை நேரம் எடுத்துக்கொள்ள வேண்டுமா என்றுதான் தோன்றியது.

அரை நாள் வேலையை முடித்துவிட்டு அவள் ஏப்ரனோடேயே மாடி ஏறினாள். வெளியே மழை வருகிற புழுக்கம். கூடத்தில் நல்ல கூட்டம். பெயிண்டர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தம்பி டிரைவர் சட்டையிலேயே வந்திருந்தான். மாமாவுக்குக் கை கொடுத்தான். நிதானம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, உடம்பு எப்படி, டிப்போவில் எல்லாம் சௌக்கியமா, நாலு மணிக்குத்தானே வண்டி என்றெல்லாம் விசாரித்தார். அவன் கையை உருவிக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் இரண்டு ஆட்டமும் அவர் நினைத்தபடியே போயின. அவர் நடந்தார், தேய்த்தார், ஊதினார், குனிந்தார், நிமிர்ந்தார். வெள்ளைப் பந்துக்கும் அடிக்க வேண்டிய பந்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி, எந்தக் குழந்தையும் தள்ளிவிடும். அதற்கும் மேஜையைச் சுற்றிவந்து மறுபக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். தம்பிக்குத் தாடை இறுகியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், அவசரப்பட்டான், தவறவிட்டான். அவன் குனிந்த போதெல்லாம் நாற்காலியிலிருந்து கிறுக், கிறுக். இரண்டு ஆட்டமும் நிதானத்துக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் கரைந்துவிட்டது. நடுவில் கழிப்பறைக்கும் போய்விட்டு வந்தார். உள்ளே நிற்கும்போது பாட்டு முணுமுணுத்தது வெளியே கேட்டது.

தம்பி அவளிடம் வந்தான். அக்கா என்று கூப்பிடவில்லை.

"அம்பயர், எதிராளி வேணும்னே நேரத்தக் கடத்தறாரு. புகார் பண்றேன்."

அவள் நிதானத்தைப் பார்த்து எச்சரித்தாள். அவர் சிரித்தார். மூன்றாம் ஆட்டம் தொடங்கியது, முதல் அடிக்கும் அதே நடை. இரண்டாம் முறை எச்சரித்தாள். அவர் பெஞ்சைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். விதிப்படி அடுத்தது கடிகாரம், அது அடிப்பதற்குள் பந்தை அடித்தாக வேண்டும். முதலாளி மேஜை இழுப்பறையிலிருந்து லீக் கடிகாரத்தை எடுத்தார், தட்டினார், உதறினார். பேட்டரி செத்துக் கிடந்தது.

"கடிகாரம் இல்லன்னா என்ன பண்றது, பாவம்" என்றார் நிதானம். "ஆட்டத்த நடத்துவோம்."

அவள் ஏப்ரன் பைக்குள் கைவிட்டுச் சலவைக்கூடத்துக் கடிகாரத்தை எடுத்து மேஜையின் மரச்சட்டத்தில் வைத்தாள்.

"இது என்ன?"

"கடிகாரம்."

"இஸ்திரி மெஷின்ல வைக்கறத இங்க கொண்டாந்து வைப்பியா?"

"பலகைல கடிகாரம்னுதான் போட்டிருக்கு. எந்தக் கடிகாரம்னு போடல" என்றாள். பெஞ்சில் பெயிண்டர் முதல்முறையாகச் சிரித்தான்.

முறுக்கிவிட்டாள். டிக் டிக் டிக். கூடமே அதைக் கேட்டது. நிதானம் வழக்கமான நடையைத் தொடங்கினார், பாதி மேஜையைச் சுற்றியிருக்கும்போது அது கிர்ரென்று அலறியது. தவறு என்று அறிவித்து வெள்ளைப் பந்தை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தாள். அவன் இஷ்டப்பட்ட இடத்தில் வைத்து ஆடலாம். மூன்றாம் ஆட்டத்தை அவன் ஒரே மூச்சில் முடித்தான்.

அதற்குப் பிறகு எல்லாரும் பார்த்தது வேறொரு மனிதரை. நேரம் இல்லை என்றதும் நிதானத்துக்குக் கம்பைப் பிடிக்கவே வரவில்லை. சாக் கைநழுவி விழுந்தது. அவசரத்தில் தம்பியின் பந்தையே தள்ளிவிட்டார். வியர்வையில் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கி இறங்கி வந்தது. ஊரார் காதுக்கெல்லாம் பிரேம் வளைத்துக் கொடுப்பவருக்குத் தன் கண்ணாடி நிற்கவில்லை. அவளுக்குக் கொஞ்சமாவது பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இத்தனை வருஷமும் இதற்கா காத்திருந்தோம், இந்த ஒன்றுமில்லாத ஆளுக்கா என்று கேவலமாக இருந்தது. நாலாவது ஆட்டமும் தம்பிக்குப் போனது.

கடைசி ஆட்டம். வண்டிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. தம்பிக்கு மேஜையில் ஒரு பந்தும், கடைசியில் போட வேண்டிய கறுப்புப் பந்தும்தான் பாக்கி. நிதானத்துக்கு ஐந்து பந்து அப்படியே கிடந்தது. தம்பி குனிந்தான். நாற்காலியில் நிதானம் முகம் சிவந்து, கம்பைத் தொடைகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, தனக்கு மிச்சமிருந்த ஒரே வேலையைச் செய்தார். கிறுக், கிறுக். கை ஒரு மயிரிழை அதிகம் திருப்பியதோ, வருஷக்கணக்காகத் திருகித் திருகி அந்தத் திருகின் புரி தேய்ந்துதான் போயிருந்ததோ, அரைத் திருகுக்கு அது நிற்கவில்லை. மேல்பாதி ஒரு கையிலும் கீழ்ப்பாதி ஒரு கையிலுமாக வந்துவிட்டது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. சத்தமில்லாமல் இரண்டையும் சேர்க்கப் பார்த்தார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நிறுத்துங்க" என்றாள். தம்பி நிமிர்ந்தான். "கம்பு ரெண்டாப் பிரிஞ்சிருச்சு. கடைசி விதி. ஆட்டம் டிரைவருக்கு."

"நான் பிரிக்கல" என்றார் நிதானம். "தானா கழண்டுக்கிச்சு. எனக்குத் தெரியாமலே நடந்தது."

"தெரிஞ்சா ஒரு விதி, தெரியாட்டி ஒரு விதின்னு பலகைல இல்ல."

பெயிண்டர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். யாரும் கை தட்டவில்லை. எல்லார் முகத்திலும் ஒரு திருப்தி மட்டும் தெரிந்தது. அப்போது தம்பி குறுக்கே வந்தான்.

"வேணாம்கா" என்றான். நடுவர் என்பதை மறந்துவிட்டான். "இப்படி ஜெயிச்சா நாளைக்கு அதையும் அவரு கதையாச் சொல்லிக்கிட்டுத் திரிவாரு. நான் விட்டுக்கொடுக்கறேன். மாமா, கம்ப மாட்டுங்க. ரெண்டு பந்துதான். அடிச்சிட்டுப் போயிடறேன்."

அவள் தம்பியைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அவனுடைய ஆட்டம், அவனுடைய பெருந்தன்மை, அதைத் தடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. சாவியை முறுக்கி வைத்தாள்.

"எதிராளி சம்மதிச்சா எனக்கு ஆட்சேபணை இல்ல. இது அடிக்கறதுக்குள்ள கம்ப மாட்டிட்டு ஒக்காருங்க. இல்லன்னா முதல்ல சொன்ன தீர்ப்புதான்."

வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டாலும் வெட்கப்பட்டாவது இருப்பார்கள். நிதானம் சுவர்க் கடிகாரத்தை ஏறிட்டுப் பார்த்தார். வண்டிக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அவர் கணக்குப் போடுவது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. முகத்தில் பழைய சிரிப்பு திரும்பியது. துண்டை எடுத்தார். புரியைத் துடைத்தார். வாயால் ஊதினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு புரிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நான் தயாராகற வரைக்கும் ஆட்டம் நின்னுதான இருக்கணும்? மாப்ள, இரு" என்றார். "இரு, வர்றேன்."

தம்பியின் முகத்தைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. டிக் டிக் என்று அது ஓடிக்கொண்டிருந்தது. கடைசி நேரத்தில் அவர் இரண்டையும் சேர்த்துத் திருகினார். தேய்ந்த புரி பிடிக்கவில்லை. மறுபடி திருகினார். கிர்ர்ர்.

"முடிஞ்சுது" என்றாள். "ஆட்டம் டிரைவருக்கு. இனிமே யாரு விட்டுக்கொடுத்தாலும் நான் கேக்கப்போறதில்ல."

"புருஷன்கிட்டயே உன் நியாயத்தக் காட்டறியா?"

"அவன் உங்களுக்குப் பிச்சையாப் போட்டான். அதக்கூட ஒழுங்கா வாங்கிக்கத் தெரியல உங்களுக்கு." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "உங்களுக்கு ஆட்டம் தெரியாது. அடுத்தவன உக்கார வெச்சுத் தேய்க்கத் தெரியும். அத நீங்களே நிதானம்னு நெனச்சுக்கிட்டீங்க. நானும் ரொம்ப நாளு அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன்."

தம்பி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, போவதற்கு முன் மாமாவிடம் கையை நீட்டினான். நிதானத்தின் இரண்டு கையிலும் கம்புத் துண்டுகள். அவற்றைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை, திருகுவதிலேயே கவனமாக இருப்பதுபோல இருந்தார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

"போடா, வண்டிக்கு நேரமாச்சு" என்றாள் அவள். அவன் இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனான்.

நிதானம் ஒருவழியாகக் கம்பைச் சேர்த்துவிட்டார். யாரும் கேட்காமலே, தான் எப்படி ஜெயித்திருப்பேன் என்று காட்ட ஆரம்பித்தார். தன்னுடைய ஐந்து பந்துகளையும் வசதியான இடங்களில் வைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி நடந்தார். சாக் தேய்த்தார். பெஞ்சு காலியாகிக்கொண்டு வந்தது. பெயிண்டர் அவரைத் தாண்டிப் போகும்போது நின்று, பலகையின் கடைசி வரியை ஒரு தடவை படித்துவிட்டுப் போனான். முதலாளி ஒவ்வொரு மேஜையாக விளக்கை அணைத்துக்கொண்டு வந்தார். அவள் பந்து அடுக்கும் முக்கோணச் சட்டத்தை ஆணியில் மாட்டினாள். கடிகாரத்தை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

"நான் போறேன்" என்றாள்.

அவர் குனிந்திருந்தார். நிமிராமலே இடது கையின் ஒற்றை விரலை மட்டும் தூக்கினார். "இரு, வர்றேன். இந்த ஒண்ண மட்டும் போட்டுக் காட்டிட்டு வர்றேன்."

அவள் படி இறங்கினாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. டிப்போ வாசலிலிருந்து தம்பியின் வண்டி வெளியே வந்து, மாடிக்கு நேர் எதிரே இருந்த முதல் நிறுத்தத்தில் நின்றது. அவள் முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு குறுக்கே ஓடி முன்கதவு வழியாக ஏறினாள். அவனுக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டில் உட்கார்ந்தாள். நனைந்த ஏப்ரனிலிருந்து சலவைச் சோப்பு வாசனை வந்தது. எங்கே போகிறாய் என்று அவன் கேட்கவில்லை. அவளும் டிக்கெட் எங்கே வரைக்கும் என்று இன்னும் யோசிக்கவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவனுக்குச் சமைத்துப் போட வேண்டும், அவன் வீட்டிலும் அடுப்பு இருக்கிறது என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

ஆட்கள் ஏறி முடித்தார்கள். தம்பி கதவு பொத்தானில் கையை வைத்தவன் பக்கக் கண்ணாடியைப் பார்த்து நின்றான். அவளும் பார்த்தாள். மாடிப்படியின் அடியில், கம்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலைத் தூக்கியபடி, நிதானம் வந்துகொண்டிருந்தார். மழையிலும் ஓடவில்லை. தேங்கிய தண்ணீரை ஒவ்வொன்றாகப் பார்த்து, எதைத் தாண்டலாம் எதைச் சுற்றலாம் என்று முடிவுசெய்து, காலை வைத்தார்.

பழக்க தோஷத்தில் தம்பியின் கால் பிரேக்கிலேயே இருந்தது.

"அக்கா, மாமா வர்றாரு."

"அவரு வந்துக்கிட்டேதான்டா இருப்பாரு" என்றாள். "நீ வண்டிய எடு."

கதவு மூடியது. வண்டி நேரத்துக்குக் கிளம்பியது.